நின்றுபோன நடையின் கணக்கு: அரசு பஸ் ஆவணங்களை ஆர்டிஐ மூலம் கேட்பது எப்படி?

ஊருக்கு வரவேண்டிய கடைசி டவுன் பஸ் வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. டெப்போவில் கேட்டால் "ஓடிக்கிட்டுதானே இருக்கு" என்கிறார்கள். கண்டக்டரைக் கேட்டால் "வண்டி இல்லைங்க, நாங்க என்ன பண்றது" என்கிறார். மனு கொடுத்தால் "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான். இப்படி நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். அரசு பஸ் ஓடினால் அது ஒரு காகிதத்தில் பதிவாகும். ஓடாவிட்டாலும் பதிவாகும். அந்தக் காகிதத்தைப் பார்க்கிற உரிமையைத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 (சுருக்கமாக ஆர்டிஐ) நமக்குக் கொடுத்திருக்கிறது. மனுக் கட்டணம் 10 ரூபாய். வக்கீல் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்: கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எங்கள் ஊர் பஸ்ஸை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று எழுதினால், "வினா வடிவில் கேட்கப்பட்டுள்ளதால் பதில் அளிக்க இயலாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதற்குச் சட்டத்தில் ஓரளவு இடமும் இருக்கிறது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் தகவலைத்தான் கேட்க முடியும். உங்களுக்காக விளக்கம் எழுதித் தரவோ, புதிதாகக் கணக்குத் தொகுத்துத் தரவோ அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல என்று 2011-ல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் "இந்த வழித்தடத்தை நிறுத்தப் பிறப்பித்த உத்தரவின் நகல்" என்று கேட்டால் நிலைமை வேறு. உத்தரவு இருந்தால் தர வேண்டும். இல்லையென்றால் "அப்படி உத்தரவு எதுவும் இல்லை" என்று எழுத்தில் தர வேண்டும். உத்தரவே இல்லாமல் பஸ் நின்றிருக்கிறது என்பதற்கு அந்தப் பதிலே சான்று.

சட்டத்தின் பிரிவு 2(எஃப்) எவையெல்லாம் தகவல் என்று பட்டியல் போடுகிறது. பதிவேடுகள், சுற்றறிக்கைகள், உத்தரவுகள், ஒப்பந்தங்கள், அறிக்கைகள், கணினியில் உள்ள தரவுகள் எல்லாம் அதில் உண்டு. லாக்புக்கும், அதாவது அன்றாட ஓட்டத்தைக் குறித்துவைக்கும் பதிவேடும், பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. பஸ்ஸைப் பற்றிக் கேட்கப்போகிற நமக்கு அந்த ஒரு சொல் பெரிய பலம்.

யாரிடம் கேட்பது

தமிழ்நாட்டில் அரசு பஸ்களை 8 கழகங்கள் நடத்துகின்றன. சென்னைக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம், நீண்ட தூரத்துக்கு அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம், மற்றபடி விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி என்று ஆறு கோட்டக் கழகங்கள். உங்கள் பஸ் எந்தக் கழகத்துடையது என்று குழப்பமாக இருந்தால் பழைய டிக்கெட் ஒன்றைப் பாருங்கள், அதிலேயே இருக்கும். மனுவைக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். பெயர் தெரிய வேண்டியதில்லை, பதவி போதும். சென்னை என்றால், "பொதுத் தகவல் அலுவலர், மாநகர் போக்குவரத்துக் கழகம், பல்லவன் இல்லம், பல்லவன் சாலை, சென்னை 600002".

புறநகர் ரயில், பறக்கும் ரயில் பற்றிய ஆவணங்களுக்குத் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம். மெட்ரோ என்றால் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம். அது மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதிப் பங்கு வைத்திருக்கும் நிறுவனம், ஆகவே அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது.

தனியார் பஸ்ஸின் ஆவணத்தைக் கேட்க முடியாது என்று பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். பஸ் முதலாளியிடம் ஆர்டிஐ போட முடியாதுதான். ஆனால் அந்த பஸ்ஸுக்குப் பர்மிட் கொடுத்து, எந்த வழியாக எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்தது அரசு. பர்மிட்டின் நகல், அதிலுள்ள நிபந்தனைகள், அனுமதிக்கப்பட்ட நேர அட்டவணை எல்லாவற்றையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்கலாம். வேறொரு சட்டத்தின்படி அரசு அலுவலகம் ஒரு தனியாரிடமிருந்து எந்தத் தகவலைப் பெற முடியுமோ, அதுவும் பிரிவு 2(எஃப்)-க்குள் வரும். மினி பஸ் ஊருக்குள் வராமல் முக்கு ரோட்டிலேயே திரும்பிப் போகிறது என்றால், பர்மிட்டில் எதுவரை போகச் சொல்லியிருக்கிறது என்று பார்த்தால் தீர்ந்தது.

தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். பிரிவு 6(3)-ன்படி 5 நாட்களுக்குள் அவர்களே உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைத்து, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

டெப்போவில் என்னென்ன காகிதங்கள் இருக்கும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என்ன காகிதம் இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் மனு எழுதுவது சுலபம்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஷெட்யூல் உண்டு. காலையில் எத்தனை மணிக்கு டெப்போவை விட்டுக் கிளம்ப வேண்டும், எந்த வழித்தடத்தில் எத்தனை நடை (டிரிப்) போக வேண்டும், ஒவ்வொரு நடையும் எங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓட வேண்டியது என்ன என்பதற்கு இதுதான் அடிப்படை. முதலில் இதைக் கேளுங்கள்.

ஓடியது என்ன என்பதற்கு டிரிப் ஷீட். டியூட்டிக்குப் போகும்போது கண்டக்டர் வாங்கிக்கொண்டு போய், முடிந்து வந்ததும் டெப்போவில் ஒப்படைக்கிற தாள் அது. வண்டி எண், வழித்தடம், ஒவ்வொரு நடையும் புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம் அதில் வரும். பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நேரக் காப்பாளர் தனியாக ஒரு பதிவேடு வைத்திருப்பார், வந்து போகிற வண்டிகளை அதில் குறித்துக்கொள்வார். இந்த இரண்டையும் ஒரே தேதிகளுக்குக் கேட்டு வாங்குங்கள். கண்டக்டரின் தாளில் இரவு 9.20-க்கு ஒரு நடை இருந்து, நேரக் காப்பாளரின் பதிவேட்டில் அந்த வரி இல்லையென்றால், பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஓடாத நடைக்கும் கணக்கு உண்டு. ரத்தான நடைகளையும் அதனால் குறைந்த கிலோமீட்டரையும் கழகங்கள் கணக்கு வைக்கின்றன. டிரைவர் இல்லை, வண்டி பழுது, போக்குவரத்து நெரிசல் என்று காரணமும் எழுதப்படும். "ஏன் வரவில்லை" என்ற உங்கள் கேள்விக்கான பதில் இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. ஆகவே ஏன் என்று கேட்காமல், காரணத்துடன் கூடிய ரத்துப் பதிவேட்டைக் கேளுங்கள்.

அடுத்தது டிக்கெட் கருவியின் தரவு. ஒவ்வொரு நடையிலும் எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு வசூல் என்பதெல்லாம் அந்தக் கருவியில் பதிவாகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது; அதற்கும் கண்டக்டர் டிக்கெட் கிழித்துத் தருகிறார் அல்லவா, ஆகவே அதுவும் எண்ணிக்கையில் வந்துவிடும். "ஆள் ஏறுவதில்லை, அதனால் நடையைக் குறைத்தோம்" என்று சொன்னால், குறைப்பதற்கு முந்தைய மாதத்தின் பயணிகள் எண்ணிக்கையைக் கேளுங்கள். காசு கொடுத்த டிக்கெட்டும் கட்டணமில்லா டிக்கெட்டும் தனித்தனியாக இருக்கட்டும். வசூலை மட்டும் பார்த்தால் நஷ்டமாகத் தெரிகிற நடையில், வேலைக்குப் போகும் பெண்கள் நின்றுகொண்டு பயணம் செய்திருப்பார்கள். அவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா என்பது நியாயமாகவே கேட்க வேண்டிய விஷயம்.

இவை தவிர, வழித்தடத்தை மாற்றியதற்கான சுற்றறிக்கை, அது தொடர்பான கோப்புக் குறிப்புகள், உங்கள் ஊர்க்காரர்கள் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு இவற்றையும் கேட்கலாம். சென்னையில் 2025 ஜூன் மாத இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றை ஒரு தனியார் நிறுவனம் இயக்க, கழகம் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் நகல், கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓடாத தூரத்துக்கு எவ்வளவு பிடித்தம் செய்தார்கள் என்ற பில் எல்லாம் பொதுப்பணம் சம்பந்தப்பட்டவை. வணிக ரகசியம் என்று பிரிவு 8(1)(டி)-யைக் காட்டி மறுக்கப் பார்க்கலாம். பொதுநலன் அதைவிடப் பெரிது என்றால் தரலாம் என்று அதே பிரிவிலேயே இருக்கிறது, அதை மேல்முறையீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

பெயர்கள் டெப்போவுக்கு டெப்போ கொஞ்சம் மாறும். அதனால் ஆவணத்தின் பெயரை எழுதியதும் "அல்லது இந்த விவரம் எந்தப் பெயரில் பராமரிக்கப்பட்டாலும் அந்தப் பதிவேடு" என்று சேர்த்துவிடுங்கள். அப்படி ஒரு பதிவேடு இல்லை என்று நழுவ இடம் இருக்காது.

மனு எழுதுவது

தனி படிவம் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். உங்கள் பெயர், முகவரி, தேதி, கையெழுத்து இருக்க வேண்டும். சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதாதீர்கள். சட்டம் இந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது, ஆகவே தனி ஆளின் பெயரில் எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று காரணம் சொல்ல வேண்டும் என்று கூறியபோது, இந்தப் பிரிவு கவனத்துக்கு வந்ததும் சில நாட்களிலேயே நீதிமன்றம் தானாகவே அந்தப் பகுதியை நீக்கியது. ஆகவே மனுவில் உங்கள் கோபத்தையும் ஊரின் கஷ்டத்தையும் எழுத வேண்டாம். அவற்றுக்கு வேறு இடம் இருக்கிறது.

உடல் பகுதி இப்படி இருக்கலாம். வழித்தட எண்ணையும் தேதிகளையும் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்:

"தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)-ன் கீழ் கீழ்க்காணும் ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை வழங்கக் கோருகிறேன்.

1. வழித்தட எண் ……, …… முதல் …… வரை இயக்கப்படும் பேருந்துகளுக்குத் தற்போது நடைமுறையில் உள்ள ஷெட்யூல்.

2. மேற்படி வழித்தடத்தில் …… தேதி முதல் …… தேதி வரை இயக்கப்பட்ட பேருந்துகளின் டிரிப் ஷீட்கள், அல்லது புறப்பாடு மற்றும் வருகை நேரம் எந்தப் பெயரில் பதிவு செய்யப்பட்டாலும் அந்தப் பதிவேடு. பணியாளர்களின் பெயர் மற்றும் பணி எண்ணை மறைத்து வழங்கலாம்.

3. அதே தேதிகளுக்கு …… பஸ் நிலைய நேரக் காப்பாளர் பதிவேட்டின் தொடர்புடைய பக்கங்கள்.

4. அதே தேதிகளில் ரத்து செய்யப்பட்ட நடைகளின் பதிவேடு, காரணத்துடன்.

5. மேற்படி வழித்தடத்தின் நடைகளைக் குறைக்கவோ மாற்றவோ பிறப்பிக்கப்பட்ட உத்தரவு அல்லது சுற்றறிக்கை. அப்படி எதுவும் இல்லையெனில் 'இல்லை' எனத் தெரிவிக்கவும்."

இரண்டாவது வரியில் பெயரை மறைக்கச் சொன்னது காரணமாகத்தான். தனிநபர் தகவல் பற்றிய பிரிவு 8(1)(ஜே), டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் திருத்தப்பட்டு, 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. முன்பிருந்ததைவிட இப்போது தனிநபர் விவரம் என்று சொல்லி மறுப்பது எளிதாகிவிட்டது. இது எனக்கு வருத்தம் தரும் மாற்றம்தான், ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியது வண்டி வந்ததா இல்லையா என்பது; டிரைவர் யார் என்பது வேண்டாம். ஓரிரு விவரத்துக்காக முழுத் தாளையும் மறுக்கக் கூடாது, மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்று பிரிவு 10 சொல்கிறது. நீங்களே முன்கூட்டி அதைச் சொல்லிவிட்டால் மறுக்கக் காரணம் ஒன்று குறையும்.

காலத்தைச் சுருக்குங்கள். ஒரு வழித்தடம், இரண்டு வாரம் அல்லது ஒரு மாதம். "கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த டெப்போவின் எல்லா வழித்தடங்களுக்கும்" என்று கேட்டால் காகிதம் மூட்டைக்கணக்கில் இருக்கும், பதிலும் வராது.

கட்டணமும் தபாலும்

மாநில அரசுக் கழகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பை மனுவில் ஒட்டுவதுதான் எல்லோரும் செய்வது. தெற்கு ரயில்வேக்கு அது செல்லாது. போஸ்டல் ஆர்டர் எடுக்க வேண்டும், அல்லது மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் விண்ணப்பித்து அங்கேயே பணம் கட்டலாம். தமிழ்நாடு அரசுக்கும் தனியாக ஆர்டிஐ இணையதளம் இருக்கிறது. உங்கள் கழகம் அந்தப் பட்டியலில் இருந்தால் அதில் போடுங்கள், இல்லையென்றால் தபால்தான். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, அதற்கான சான்றின் நகலை இணைக்க வேண்டும்.

ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சில நாள் கழித்து அஞ்சல் துறை இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, தபால் போய்ச் சேர்ந்த தேதி தெரிகிற பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும். மனுவையும் ஒட்டிய ஸ்டாம்பையும் சேர்த்து ஒரு ஜெராக்ஸ், கட்டாயம்.

பதில் வரும்போது

பல நேரம் முதலில் வருவது நகல் கட்டணம் கேட்டு ஒரு கடிதம். பக்கத்துக்கு 2 ரூபாய். எத்தனை பக்கம், எவ்வளவு என்று கணக்கு அதில் இருக்க வேண்டும். உடனே கட்டிவிடுங்கள். அவர்கள் கடிதம் அனுப்பிய நாளுக்கும் நீங்கள் பணம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாளில் சேராது. 30 நாள் தாண்டிய பிறகு தருகிறார்கள் என்றால் பிரிவு 7(6)-ன்படி இலவசமாகவே தர வேண்டும். அப்படித் தாமதமாகப் பணம் கேட்டால் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதலாம்.

"தகவல் பெருமளவில் உள்ளதால் வழங்க இயலாது, பிரிவு 7(9)" என்ற பதிலும் அடிக்கடி வரும். அந்தப் பிரிவு சொல்வது வேறு. நீங்கள் கேட்ட வடிவத்தில் தருவது அலுவலக வேலையை அளவுக்கு மீறிப் பாதித்தால் வேறு வடிவத்தில் தரலாம் என்பதுதான் அது. தகவலையே மறுக்க அது இடம் தரவில்லை. "அப்படியானால் நேரில் வந்து பார்க்கிறேன், தேதி சொல்லுங்கள்" என்று பதில் எழுதுங்கள்.

நேரில் பார்வையிடும் உரிமை பிரிவு 2(ஜே)-யில் இருக்கிறது. இதைப் பலரும் பயன்படுத்துவதில்லை, ஆனால் பஸ் ஆவணங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. முதல் மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு சிறு தொகை. போகும்போது அடையாள அட்டை, அவர்கள் அனுப்பிய கடிதம், கோடு போட்ட நோட்டு ஒன்று கொண்டுபோங்கள். நோட்டில் முன்கூட்டியே தேதி, ஷெட்யூல்படி நேரம், பதிவேட்டில் உள்ள நேரம், குறிப்பு என்று நான்கு கட்டம் போட்டு வையுங்கள். பதிவேட்டைப் புரட்டி, ஒவ்வொரு தேதிக்கும் உங்கள் நடையை மட்டும் பார்த்து எழுதுங்கள். கட்டம் காலியாக இருந்தால் காலி என்றே எழுதுங்கள். அடித்துத் திருத்தியிருக்கிற பக்கம், வேறு மையில் பின்னால் சேர்த்தது போலத் தெரிகிற வரி இவற்றின் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தப் பக்கங்களுக்கு மட்டும் சான்றிட்ட நகல் கேளுங்கள். அங்கே இருக்கும் கிளார்க்கிடம் மரியாதையாகப் பேசுங்கள். நடையை ரத்து செய்தது அவர் இல்லை. எந்தப் பதிவேட்டில் எது இருக்கும் என்று அவரே எடுத்துக்கொடுப்பதும் உண்டு.

பதில் வராவிட்டால்

30 நாள் முடிந்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், அடுத்த 30 நாட்களுக்குள் அதே கழகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கட்டணம் இல்லை. மறுத்து எழுதும்போது மேல்முறையீட்டு அலுவலர் யார் என்ற விவரத்தை அவர்களே தர வேண்டும். ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: என்று மனு சேர்ந்தது, எந்த வரிக்குப் பதில் வரவில்லை, எந்த மறுப்பு ஏன் பொருந்தாது. இது 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவாக வேண்டும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் 90 நாட்களுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ரயில்வே என்றால் டில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். இங்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், சோர்ந்துவிடாதீர்கள். விசாரணைக்கு அழைக்கும்போது தேதிவாரியாக என்ன நடந்தது என்று ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது, உங்களுடையது அல்ல. பிரிவு 19(5) அப்படித்தான் சொல்கிறது. நியாயமான காரணமில்லாமல் தாமதப்படுத்திய அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். ஆனால் அபராதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பது என் யோசனை. ஆவணத்தைத் தரச் சொல்லி உத்தரவு வாங்குவதில் குறியாக இருங்கள்.

கையில் கிடைத்த பிறகு

ஷெட்யூலையும் டிரிப் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தெந்தத் தேதியில் நடை இல்லை என்று ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். அதைச் சான்றிட்ட நகல்களோடு இணைத்துக் கிளை (டெப்போ) மேலாளரிடம் கொடுங்கள், கழகத்தின் பொது மேலாளருக்கும் ஒரு பிரதி. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் இதே கட்டைக் கொடுத்தால், "விசாரித்துச் சொல்கிறோம்" என்று அனுப்புவது கடினம், விசாரிக்க வேண்டியது ஏற்கெனவே அதில் இருக்கிறது. கிராமம் என்றால் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடுங்கள். மனுவில் எழுத வேண்டாம் என்று சொன்ன ஊரின் கஷ்டத்தை, டியூஷன் முடிந்து நிற்கும் பிள்ளைகளை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் முதியவர்களை, இங்கே விரிவாக எழுதுங்கள்.

நடை திரும்ப வந்துவிட்டால், மூன்று மாதம் விட்டு அதே மனுவைத் தேதி மட்டும் மாற்றி மறுபடியும் போடுங்கள். இரண்டாம், மூன்றாம், நான்காம் வரிகள் மட்டும் போதும்.